மத்திய சிறையின் கதையில் விடுபட்டவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சென்னைப் பழைய மத்திய சிறையைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். 1837-இல் கட்டப்பட்டு 2009-இல் இடிக்கப்பட்ட அந்தச் சிறையில் 1932-இல் சுபாஷ் சந்திர போஸ் வைக்கப்பட்டிருந்ததும், அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழி பற்றிய பதினேழாம் பகுதியை எரிக்கத் திட்டமிட்டதற்காக 1963-இல் கைதான அண்ணா அங்கே தண்டனைக் காலத்தைக் கழித்ததும் படங்களுடன் சொல்லப்பட்டிருந்தன. கட்டுரையில் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அதைப் படித்து முடித்தபோது, தலைவர்கள் தங்கிப் போன விடுதி ஒன்றின் வரலாற்றைப் படித்தது போன்ற எண்ணமே எனக்கு ஏற்பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1982 முதல் ஆறு ஆண்டுகள் பூங்கா நகர் வட்டாரத்தில் தபால்காரராக இருந்தேன். மத்திய சிறைக்கான கட்டு என் பையில்தான் போகும். உள்ளே நான் போனதில்லை. பெரிய கதவில் இருக்கும் சின்னக் கதவின் வழியே கட்டை நீட்டுவேன். பதிவுத் தபாலுக்கும் மணியார்டருக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெளியே போகும் கடிதங்களை எடுத்துக்கொண்டு திரும்புவேன். அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்லண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் படித்துப் பார்த்ததற்கு அடையாளமாகச் சிறையின் முத்திரை இருக்கும். அந்த முத்திரை தெரியாமல் மடித்துக் கொடுக்கும்படி ஊரிலுள்ள தபால்காரரிடம் கேட்டுக்கொண்ட குடும்பங்கள் உண்டு என்று சக ஊழியர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது வேறொன்று. பல ஊர்களுக்கு, பல பெயர்களில் போகும் இருபது முப்பது கடிதங்களின் முகவரி ஒரே கையெழுத்தில் இருக்கும். வலப்பக்கம் சாய்ந்த, பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பழகிய கையெழுத்து. உள்ளே எழுதத் தெரிந்த ஒருவர் எழுதத் தெரியாத அத்தனை பேருக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதைப் புரிந்துகொள்ள யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுமார் இரண்டு ஆண்டுகள் வந்துகொண்டிருந்த அந்தக் கையெழுத்து ஒரு நாள் நின்றுவிட்டது. சில வாரங்களுக்கு வெளியே போகும் கட்டு பாதியாக இளைத்துப் போயிருந்தது.

தங்கள் கட்டுரையில் இல்லாதவர்கள் இவர்கள்தாம்.

அந்தக் கட்டடம் எந்த எண்ணத்தோடு எழுப்பப்பட்டது என்பதிலிருந்தே தொடங்கலாம். மதராஸ் பெனிடென்ஷியரி என்பது அதன் தொடக்ககாலப் பெயர். அது கட்டப்பட்ட நாட்களில்தான், மெக்காலேயின் முயற்சியால் 1836-இல் அமைக்கப்பட்ட சிறை ஒழுங்குக் குழு கல்கத்தாவில் கூடிக்கொண்டிருந்தது. 1838-இல் வந்த அதன் அறிக்கை, கைதிக்குக் கல்வி கொடுத்துத் திருத்தலாம் என்ற எண்ணத்தையே ஏற்கவில்லை. கடுமையும் சலிப்பூட்டும் உழைப்பும் போதும் என்றது. அந்தமானுக்குக் கப்பலேறும் முன் கைதிகளைத் தங்கவைக்கும் இடமாகவும் இந்தச் சிறை இருந்தது. திருத்துவதும் சிறையின் வேலை என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ள, சென்னை மாகாண நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான 1919-20 குழு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் வந்த 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் நிழலோ இன்றும் நம் சிறை விதிகளின் மேல் விழுகிறது.

அதற்குப் பிறகு நடந்த முன்னேற்றங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றும் பெயர் தெரிந்த கைதிகளால் வந்தது. லாகூர் சிறையில் ஜதீன் தாஸ் 63 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பரில் உயிர்விட்டார். அடுத்த ஆண்டே கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறை வந்தது. அவர் கேட்டது அரசியல் கைதிகளுக்கு மனிதத் தன்மையோடு கூடிய நடத்தை. கிடைத்ததோ, வெளியே கட்டிலில் படுத்தவனுக்கு உள்ளேயும் கட்டில், வெளியே பாயில் படுத்தவனுக்கு உள்ளே வெறுந்தரை என்ற ஏற்பாடு. வெள்ளைக்காரன் போய்விட்டான், வகுப்பு போகவில்லை. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகளிலும் அது இடம்பெற்றது. பிரபலமானவர் எவராவது கைதானால், அவருக்கு முதல் வகுப்பு கிடைக்குமா, வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று தங்கள் நாளிதழ் உட்பட எல்லாரும் எழுதுகிறோம், படிக்கிறோம். சமூக, பொருளாதார நிலையையோ சாதியையோ வைத்துக் கைதிகளை வகைப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது என்பதை அந்தச் செய்திகளோடு சேர்த்து ஒரு வரி போட்டால் என்ன?

அவசரநிலைக் காலத்தைப் பற்றிக் கட்டுரையாளர் இரண்டே வரிகளில் முடித்துக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, விசாரணையின்றிச் சிறையில் வைக்க இடந்தந்த மிசா சட்டத்தில் கைதான நூற்றுக்கணக்கானோர் இதே சிறைக்குள் கொண்டுவரப்பட்டார்கள், பிப்ரவரித் தொடக்கத்தில் இரவில் கொட்டடிக்குள் புகுந்து அடித்தார்கள். அடிபட்டவர்களில் இன்றைய முதிய தலைமுறை அறிந்த பல பெயர்கள் உண்டு. அவர்களில் ஒருவரான, முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அவசரநிலைக்குப் பின் நீதியரசர் மு.மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கம்பனில் ஊறித் திளைத்த அந்த நீதியரசர், சிறைக்குள் நடந்ததை விசாரித்து, காவலில் இருந்தவர்கள் தாக்கப்பட்டது உண்மை என்று பதிவு செய்தார். தமிழகச் சிறை வரலாற்றில் எனக்குத் தெரிந்து மிக முக்கியமான ஆவணம் அதுதான். ஆனால் அதிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கைதிகளை அடிக்கும் பழக்கம் அந்த ஒரு பிப்ரவரி இரவில் முளைத்ததாக இருக்க முடியுமா? அடிக்கக் கூடாதவர்களை அடித்ததால்தான் ஆணையம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அடிபட்ட சாதாரணத் திருட்டு வழக்குக் கைதிக்கு எந்த நீதியரசர் வந்தார்?

1999 நவம்பர் 17 அன்று அதே சிறையில் நடந்ததையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறைவாசி ஒருவர் இறந்த செய்தி பரவியதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. துணை ஜெயிலர் ஒருவர் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். கலவரத்தை அடக்கக் காவல்துறை சுட்டதில் கைதிகள் பலர் செத்தார்கள். கடமையில் இருந்த அந்த அதிகாரியின் சாவு எவ்வளவு கொடுமையானதோ, சுடப்பட்டுச் செத்தவர்களின் பெயர்கள்கூட இன்று யாருக்கும் நினைவில்லாமல் போனது அதற்குச் சற்றும் குறைந்த கொடுமை இல்லை. சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது, ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறது. 1999-இல் செத்தவர்களுக்குக் கட்சி கிடையாது.

2006-இல் கைதிகளை நகரின் வடக்கே புழலில் கட்டிய புதிய சிறைக்கு மாற்றினார்கள். இடிப்பதற்கு முன், 2009-இன் தொடக்கத்தில், பொதுமக்கள் சிறையைச் சுற்றிப் பார்க்க அனுமதித்தார்கள். பல ஆண்டுகள் வாசலோடு திரும்பியவன் என்பதால் நானும் என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பொருட்காட்சிக்கு வந்த கூட்டம் போல் வரிசை நீண்டிருந்தது. கம்பிக்குப் பின்னால் பிள்ளைகளை நிற்க வைத்துக் கைபேசியில் படம் எடுத்தார்கள். தனியறைகளில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் முழுக்க நாள் எண்ணிய கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. மறுபடி நாலு கோடு. ஓர் அறையில் அந்தக் கோடுகள் இடுப்பளவில் தொடங்கித் தரை வரை இறங்கியிருந்தன. உட்கார்ந்தபடியே போட்டிருக்கிறார். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா மட்டும் உள்ளே வராமல் மனுப் பார்க்கும் இடத்திலேயே நின்றுவிட்டார். சிறைக்குப் போய்க் கைதியைச் சந்திப்பதை நம் ஊரில் ‘மனுப் பார்ப்பது’ என்றுதான் சொல்வார்கள். மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்து பார்க்க வேண்டியிருப்பதால் வந்த பெயர். “உள்ள வாங்கம்மா, இன்னிக்கு எல்லாரையும் விடறாங்க” என்று என் மகன் கூப்பிட்டான். “எனக்கு இதுதான்பா தெரிஞ்ச ஜெயிலு. ஒம்போது வருஷம் இந்தக் கம்பிவலையாண்டதான் நின்னேன்” என்றார் அவர். யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த நிலத்தில் இப்போது சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடம் இருக்கிறது. நல்ல காரியம்தான், சிறையை அப்படியே காப்பாற்றியிருக்க வேண்டும் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூவத்தின் ஓரத்தில் நூற்றெழுபது ஆண்டு பழைமையான கொட்டடிகளில் மனிதர்களை இனியும் அடைத்து வைக்க முடியாது என்பது சரி. புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று என்று பிரித்துக் கட்டியதும் சரி. ஆனால் பழைய சிறைக்கு இருந்த ஒரே நல்ல குணத்தை அந்த மாற்றத்தில் இழந்தோம். மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கினால் நடந்து போய்விடலாம். எந்த மூலையிலிருந்தும் சென்ட்ரலுக்குப் பேருந்து உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ ஒரு தாய் புழலுக்கு வந்து மனுப் பார்த்துத் திரும்ப வேண்டுமானால், அன்றைய கூலியை விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பேருந்துக் காசு வேறு.

இன்று உள்ளே இருப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். நாடு முழுவதும் நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டின் மொத்த நிலை அவ்வளவு மோசமில்லை; இங்கே இருக்கும் இடத்தைவிட ஆட்கள் குறைவு. சிறை நூலகங்களுக்குப் புத்தகக் காட்சியிலேயே ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் நூல்களைத் திரட்டுவது, சிறைவாசிகள் பணிபுரியும் பெட்ரோல் பங்க்குகள், கோவைச் சிறையில் காவலர் சீருடைத் துணி நெய்யும் தறிகள் என்று பாராட்ட வேண்டியவையும் நிறைய உண்டு. வ.உ.சி. செக்கிழுத்த சிறையில் இன்று தறி ஓடுகிறது என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பங்கு தண்டனைக் கைதிகளுக்கானது. விசாரணைக் கைதிக்கு வேலை கிடையாது, ஊதியம் கிடையாது, எப்போது வெளியே போவோம் என்ற தேதியும் கிடையாது.

அவர்களிலும் என் மனத்தை அதிகம் உறுத்துபவர்கள், ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே இருப்பவர்கள். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வாடகை அறையில் இருந்த பெயின்டிங் தொழிலாளி ஒருவர் கூலித் தகராறில் நடந்த கைகலப்பில் கைதானார். மூன்று வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு ஜாமீனுக்கு என் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். ரத்த உறவுக்கு அவருடைய அக்கா விழுப்புரத்துக்கு அப்பாலிருந்து வந்தார். அவருடைய ரேஷன் அட்டையில் கணவர் பெயர்தான் இருக்கிறது, தம்பிக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க ஊருக்குப் போனார். அலுவலர் முகாமில் இருந்தார். பிறகு பொங்கல் விடுமுறை வந்தது. சான்றோடு வந்த அன்று நடுவர் விடுப்பில் இருந்தார். ஜாமீன் உத்தரவு கையெழுத்தான நாளிலிருந்து நாற்பத்தோராம் நாள் அவர் வெளியே வந்தார். அதற்குள் அறையை வேறொருவருக்கு விட்டுவிட்டார்கள். அவருடைய தூரிகைகளும் ஏணியும் என் வீட்டுத் திண்ணையில் இருந்தன. அந்த நீதிமன்றத்தின் பெயரையோ சிறையின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தன் மேசைக்கு வந்த தாளைச் சரியாகத்தான் பார்த்தார்கள்.

இது புதிய சிக்கலும் இல்லை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கொடுத்த பின்னும், பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதை ஏற்க மறுத்தபோது, 1978-இல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடும்படி உத்தரவிட்டார். (கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததற்காக 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர் அவர், சிறையைப் பற்றி அவர் எழுதிய தீர்ப்புகளில் அந்த மாதத்தின் வாடை உண்டு என்பது என் எண்ணம்.) அதற்குப் பின் 45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி அதே விஷயத்தைப் பேச வேண்டி வந்தது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாமற்போனால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்றது. அதே ஆண்டு மத்திய அரசும், பணமில்லாத விசாரணைக் கைதிக்கு நாற்பதாயிரம் ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, பிணையில் விடச் சொல்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. ஆக, சட்டத்தில் குறையில்லை. அந்த ஏழாம் நாள் கடிதம் சிறையிலிருந்து ஒழுங்காகப் போகிறதா, போனால் யார் பிரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தபால்காரனாக இருந்தவனுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வருகிறது.

இங்கேதான் தங்களைப் போன்ற நாளிதழ்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று உண்டு. சிறை என்றால் நம் பத்திரிகைகளுக்கு இரண்டு செய்திகள்தாம்: உள்ளே போன பிரபலம், உள்ளே பிடிபட்ட கைபேசி. 2018-இல் புழலில் மெத்தையும் தொலைக்காட்சியுமாகச் சிலர் இருந்த படங்கள் வெளியானபோது ஒரு வாரம் முழுக்க அதையே படித்தோம். அதைப் போட்டது தவறில்லை. ஆனால் பத்திரிகை மனம் வைத்தால் எதுவரை போகலாம் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று இருக்கிறது. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைச் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் விசாரித்து எழுதினார். அவரே வழக்கும் தொடுத்தார். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அத்தகைய சிறை விதிகள் செல்லாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் மோதலைத் தவிர்க்கச் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் வைக்கிறோம் என்று சொல்லப்பட்டு வந்த காரணத்தையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. நம் மண்ணில், நம் கண்ணெதிரில் இருந்த ஒரு வழக்கத்தைப் பற்றி நாமே முதலில் எழுதியிருக்க வேண்டாமா என்று அன்று எனக்குத் தோன்றியது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளிலும், ஜாமீன் உத்தரவு கிடைத்து ஏழு நாளுக்கு மேலாகியும் வெளியே வராதவர்கள் எத்தனை பேர், ஒரு மாதம் கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைப் பற்றிச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் போயிருக்கிறது, எத்தனை பேருக்கு ஏழைக் கைதிகள் திட்டத்தில் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். சிறைத்துறை மறைக்க வேண்டிய செய்தி இதில் எதுவும் இல்லை. சொல்லப்போனால் இந்தக் கணக்கு வெளியே வந்தால் அவர்களுடைய சுமைதான் குறையும். பழைய சிறைக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியவர்கள் இதற்குக் கால்பக்கம் ஒதுக்கலாம்.

தங்கள் செய்தியாளர் எவரேனும் இதற்காகப் புழலுக்குப் போவதாக இருந்தால், அதிகாரிகளைப் பார்க்கும் முன் காலையில் மனுப் பார்க்க வருபவர்களின் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பேசச் சொல்லுங்கள். ரேஷன் அட்டை, ஆதார் நகல், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் நெகிழிப் பையில் மடித்து வைத்துக்கொண்டு நிற்பவர்கள் அங்கே இருப்பார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வரத் தயார்; செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் எனக்கு வேலை கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
பெரம்பூர், சென்னை.